மாடியில் ஒரு நோயாளி

மாடியில் இருக்கும் ஜப்பானியக் கரும்பைன் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஊசியிலைகள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன.

பைன் இலை இரண்டு, மூன்று வருடம்தான் இருக்கும். உள்பக்கத்துப் பழைய இலை பழுத்து உதிர்வது இயல்பு என்று முதலில் தேற்றிக்கொண்டேன். ஆனால் கிளை நுனியில் இருந்த இந்த வருடத்து இலையும் வெளிறியிருந்தது. சரி, இது வயசுக் கோளாறு இல்லை.

இலைச்சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சியான சிலந்திப்பேனோ என்று வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினேன். இருந்தால் ஊர்கிற புள்ளிகள் விழும். விழுந்தது தூசி மட்டும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினேன், உள்ளே பச்சை, உயிர் இருக்கிறது. அப்பாடா! (பைன் செத்த பிறகும் பல வாரம் இலை பச்சையாகவே நிற்கும். சரியான கள்ளன்.)

அப்புறம் ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவினேன். சொட்டாத குறைதான், அவ்வளவு ஈரம். தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஆகியிருந்தது! தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் வடிகால் துளையை வேர் அடைத்திருக்கிறது. இலை வெளிறியதும் தாகம் என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியது நானேதான்.

துளையைக் குத்திவிட்டு, தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். உரத்தை நிறுத்தியாச்சு. மண் மாற்றுவது குளிர்கால முடிவில், மொட்டு நீள்வதற்கு முன்புதான். அப்போதும் வேரை மொத்தமாகக் கழுவ மாட்டேன். அதில் படர்ந்திருக்கும் வெள்ளைப் பூஞ்சை நோய் இல்லை, வேருக்குக் கூட்டாளி.