ஆறாவதிலிருந்து எங்கே ஓடினாள்?

ஒவ்வொரு வருஷமும் பள்ளிகளுக்கிடையிலான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் தொடங்கியதும் எங்கள் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களிடையே ஒரு பேச்சு கிளம்பும். அரசுப் பள்ளிகளுக்குத் தனியாக, தனியார் பள்ளிகளுக்குத் தனியாகப் போட்டி வைத்தால் என்ன? காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். பிரிக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்காக இப்போது நடப்பது நியாயம் என்று சொல்ல வரவில்லை. அநியாயம் நடக்கத்தான் செய்கிறது. விசில் ஊதிய பிறகு நடக்கிற ஓட்டத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். குடியரசு தினம், பாரதியார் தினம் என்று எந்தப் பெயரில் நடந்தாலும் படிக்கட்டு இதுதான். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று வயதைப் பார்ப்பார்கள், ஆண் பெண் பார்ப்பார்கள். பள்ளி எவ்வளவு பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கிற கிராமத்துப் பள்ளியும், வரிசையாகச் சொந்தப் பஸ் நிற்கிற பள்ளியும் ஒரே ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், ஓட வேண்டியதுதான்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை பல காலமாக உண்டு. அங்கே மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தில் 2005-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: இந்தப் பகுதிப் பிள்ளைகள்தான் சேர வேண்டும் என்ற எல்லை இல்லாமல், எங்கிருந்தும் சேர்த்துக்கொள்கிற பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்கிக் கணக்கிடுவது. ஆயிரம் பேர் படித்தால் 1,650 பேர் என்று கொண்டு பெரிய பள்ளிகளோடு மோதவிடுவார்கள். டெக்சாஸில் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளுக்கு ஓர் அமைப்பு, தனியார் பள்ளிகளுக்கு வேறோர் அமைப்பு. இந்தக் கணக்குகளை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் அவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அது இங்கேயும் உண்டு. தேடிப் பிடித்துச் சேர்க்க முடிகிற பள்ளியும், வாசலுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு பாடுபடுகிற பள்ளியும் ஒன்றல்ல.

செட்டிநாட்டில் ‘அரசு’, ‘தனியார்’ என்று இரண்டு கூடையில் போட்டுவிடவும் முடியாது. இந்தப் பக்கத்துப் பழைய பள்ளிகள் பல செட்டியார்கள் கட்டியவை. இடமும் கட்டடமும் அறக்கட்டளையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அரசு உதவிபெறும் பள்ளி என்று பெயர். அவற்றில் சிலவற்றின் மைதானத்தைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். 400 மீட்டர் டிராக் போட்டு நடுவில் கோ-கோ களமும் அமைக்கலாம். இன்னும் சிலவற்றில் ஓடு ஒழுகுகிறது, உடற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. தனியார் என்றதும் எல்லாரும் பெரிய பள்ளியை நினைக்கிறார்கள். வாடகைக் கட்டடத்தில், காலை ப்ரேயருக்கே இடம் போதாமல் நடக்கிற மெட்ரிக் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஓடிப் பழக ஊரணிக் கரையைத்தான் தேடிப் போகிறார்கள். பிரித்தால் அவர்களைப் பணக்காரப் பள்ளியோடு கட்டிப்போடுவோம். அது எந்த ஊர் நியாயம்?

பிரிக்கக் கூடாது என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. சான்றிதழ். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அரசு வேலையில் 3 சதவீதம். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். தனிப் போட்டி வைத்து ஒரு சான்றிதழ் கொடுத்தால், ‘அது கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குள்ள வச்சது’ என்று ஒதுக்க நாளாகாது. என் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாந்தரக் காகிதம் வேண்டாம்.

சரி, அநியாயம் எங்கே இருக்கிறது?

ஒரு தொடர் ஓட்டத்தைச் சொல்கிறேன். 17 வயதுக்குட்பட்ட பெண்கள், 4x100. என் பிள்ளைகள் நாலு பேரையும் தனித்தனியாக ஓடவிட்டால் அன்றைக்குக் களத்தில் அவர்களை முந்த ஆளில்லை. முதல் பிள்ளை வளைவில் வரும்போதே முன்னால் வந்துவிட்டாள். பேட்டனை, அதாவது கைமாற்றுகிற கோலை, மாற்ற 30 மீட்டர் எல்லை உண்டு. அந்த முப்பது மீட்டருக்குள் ஓடி வருகிறவளும் ஓடத் தொடங்குகிறவளும் ஒரே வேகத்துக்கு வந்து, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி வாங்க வேண்டும். எங்கள் இரண்டாவது பிள்ளை திரும்பிப் பார்த்தாள். நின்றாள். வாங்கினாள். பக்கத்து லேனில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் ‘ஹே’ என்று ஒரு சத்தம், கை பின்னால் போனது, பேட்டன் மாறிவிட்டது. மூன்று மாற்றத்திலும் இப்படியே. கடைசியில் மார்பு அளவு வித்தியாசத்தில் போனது.

அந்தக் கைமாற்றத்துக்கு உடம்பில் தெம்பு மட்டும் போதாது. நாலு பேரும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்தத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் விடுதியில் இருந்து காலை ஆறு மணிக்குப் பயிற்சியாளரோடு இறங்குகிறார்கள். என் பிள்ளைகளில் இரண்டு பேர் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். அந்தப் பஸ் மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேரும், சாயங்காலம் அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. பி.டி. பீரியடை அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்குக்குக் கொடு, அறிவியலுக்குக் கொடு என்பார்கள். எங்கள் செம்மண் மைதானத்தில் 200 மீட்டர் டிராக்தான் போட முடியும். சுண்ணாம்புப் பொடியில் கோடு இழுத்து, பி.வி.சி. பைப்பை அறுத்து பேட்டன் செய்து பழக்கினோம். சின்ன வளைவில் பழகிய கால், பெரிய வளைவில் எந்த இடத்தில் புறப்படுவது என்று தடுமாறும். தோற்றது ஓட்டத்தில் என்று எழுதிக்கொண்டார்கள். பஸ் நேரத்திலும் பீரியடிலும் தோற்றதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

என்னிடம் வருவதற்கு முன்பே பல பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள். சுற்றுக் கிராமங்களில் எட்டாவது வரை நடுநிலைப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் படித்தால்தான் அங்கே பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். செட்டிநாட்டுக் கிராமங்களில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அந்த வீடுகளை நம்பி வேலை செய்தவர்களும் திருப்பூர், சென்னை என்று கிளம்பிவிட்டார்கள். நூறு பிள்ளைக்கு எங்கே போவது? பகுதிநேர ஆசிரியர் இருக்கிற இடத்திலும், 2012-ல் ஐயாயிரம் ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரைநாள் என்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த மூன்று அரைநாளில் நல்ல பிள்ளையைக் கண்டுபிடித்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஓடுகிற பிள்ளையின் கால் பக்குவப்படுகிற வயது அந்த ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புதான்.

சாப்பாடும் அப்படித்தான். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. சத்துணவு பத்தாவது வரைக்கும். பதினொன்று, பன்னிரண்டில் படித்துக்கொண்டு 400 மீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு இரண்டும் இல்லை. காலைப் பயிற்சிக்கு வெறும் டீயோடு வருகிறவளிடம் இன்னொரு சுற்று ஓடு என்று எப்படிச் சொல்வது? நானும் இன்னொரு ஆசிரியையும் அவித்த கடலையும் வாழைப்பழமும் வாங்கி வைக்கிறோம். அதை ஒரு திட்டம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த நிலையிலும் ஒரு பிள்ளை மேலே வந்துவிட்டால், பத்தாவது முடிவு வந்த வாரத்தில் வீட்டு வாசலில் தனியார் பள்ளியின் கார் வந்து நிற்கிறது.

என்னிடம் ஆறாவதிலிருந்து ஓடிய பிள்ளை ஒருத்தி. 400 மீட்டரும் நீளம் தாண்டுதலும். அம்மா பலகாரம் போடுகிற இடத்தில் வேலை. கல்யாண சீசனில் விடிவதற்கு முன்பே மணகோலமும் அதிரசமும் போடக் கிளம்பிவிடுவார். டி.சி. வாங்க வந்தவர் கையில் எண்ணெய் வாசம் போகவில்லை.

“டீச்சர், ஹாஸ்டல் ஃப்ரீயாம், ஃபீஸ் இல்லையாம். காலையில முட்டை, பாலு, வாரத்துல ரெண்டு நாளு கறி குடுக்குறாகளாம். ஓடுற ஷூவும் அவுகளே வாங்கித் தாராகளாம். நீங்க என்ன சொல்றீக?”

“முட்டையும் பாலும் வேணாம்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே படிச்சாத்தான் காலேஜ் சீட்டுல அந்த ஏழரை சதவீதம் கிடைக்கும். ஃபீஸும் அரசாங்கமே கட்டும். காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா வருதே, அதுக்கும் ஆறாவதுல இருந்து எங்க படிச்சான்னு பாப்பாங்க.”

“அத அவுக ஒண்ணும் சொல்லலையே டீச்சர்.”

சொல்ல மாட்டார்கள். 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. 2022-ல் அந்த மாசம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் வந்தது. இரண்டிலும் பார்ப்பது ஆறாவதிலிருந்து எங்கே படித்தாள் என்பதைத்தான். கடைசி இரண்டு வருஷத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போனால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எடைபோட்டுப் பார்த்து அந்த அம்மா அனுப்பவே முடிவு செய்தார். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், ஒரு வாய் குறைந்தால் அதுவும் ஒரு வரவு. யார் குறை சொல்ல முடியும்?

சேர்ந்து மூன்று மாதத்தில் மாவட்டப் போட்டியில் 400 மீட்டரில் முதல். ஓட்டத்துக்கு முன் என்னைத் தேடி வந்து, “டீச்சர், ரெண்டாவது லேன் கெடச்சிருக்கு, வளைவுல எப்படிப் போகட்டும்?” என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவள் முதலாவதாக வந்தபோது நான் கத்திய கத்தல் எனக்குத்தான் தெரியும். ஒரு வாரத்தில் அந்தப் பள்ளி ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டது, ‘எங்கள் பள்ளியின் தங்க மங்கை’ என்று. அட்மிஷன் நடைபெறுகிறது என்று கீழே போன் நம்பர்.

கோப்பை போனதைக்கூட விட்டுவிடலாம். போனது ஒரு அக்கா. ஒரே ஒரு பி.டி. டீச்சர் இருக்கிற பள்ளியில் பெரிய பிள்ளைகள்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வாத்தியார். ஆறாவது படிக்கிறவளுக்கு நீளம் தாண்டுதலில் ஓடி வருகிற தூரத்தைக் காலால் அளந்து, கல் வைத்து அடையாளம் காட்டித் தந்தவள் இவள்தான். நான் கபடிக் களத்தில் நிற்கும்போது மணல் குழியைப் பார்த்துக்கொண்டவளும் இவள்தான். அவள் போன பிறகு அந்தச் சின்னப் பிள்ளைகளில் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஃப்ளெக்ஸைப் பார்த்த இன்னொருத்தி, “டீச்சர், நம்ம ஸ்கூல்ல ஓடுனா போட்டோ வராதா?” என்று கேட்டாள்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதியை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். வெறுங்காலோடு ஓடிய பெண், டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார், திறமை இருந்தால் தானாக மேலே வந்துவிடும் என்று. தானாக வரவில்லை. வெறுங்காலோடு ஓடிய பிள்ளையைப் பார்த்துவிட்டு, பாட்டியிடம் போய்ப் பேசி, விடாமல் பயிற்சி கொடுத்த பயிற்சியாளர் கண்ணன் இருந்தார். ஒரு ரேவதியைச் சொல்லி, கண்ணில் படாமல் போன நூறு பிள்ளைகளின் கணக்கை மூடக் கூடாது.

நான் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்குக் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பள்ளி மாறினால் ஒரு வருஷம் விளையாடக் கூடாது என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விதி இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. 17 வயதுப் பிரிவில் ஒரு வருஷம் போனால் அந்தப் பிள்ளைக்குத் திரும்பி வராது. நான் கேட்பது, நுழைவுப் படிவத்திலும் சான்றிதழிலும் ஒரு வரி: ஆறாம் வகுப்பிலிருந்து பயின்ற பள்ளிகள். மைக்கில் பெயர் வாசிக்கும்போது அந்தப் பள்ளிகளின் பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பள்ளி மாறிய முதல் இரண்டு வருஷம், ஒட்டுமொத்த சாம்பியனுக்கான புள்ளியில் பாதி பழைய பள்ளிக்கு. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கிருந்து எங்கே போனது என்பது ஏற்கெனவே இருக்கிறது. மெடிக்கல் சீட்டுக்குப் பார்க்கத் தெரிந்ததை 400 மீட்டருக்கும் பார்க்கலாம்.

உதவிபெறும் பள்ளி ஒன்றின் பி.டி. சார், என்னைவிட மூத்தவர், மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, எங்க ஹாஸ்டலுக்கு வர்ற பிள்ளைக்கு நாங்களும்தானே காலையில எந்திரிச்சு ட்ரெயினிங் குடுக்குறோம்? எங்களுக்குப் பாதிதானா?”

“முதல் ரெண்டு வருஷம் பாதி சார். அப்புறம் முழுசும் உங்களுக்குத்தான்.”

“அப்படி வச்சா பெரிய ஸ்கூல்காரங்க ஆறாவதுலயே பிள்ளையத் தூக்கிருவாங்களே.”

“தூக்கட்டும் சார். ஆறாவதுல எடுத்து ஏழு வருஷம் சோறு போட்டு வளர்த்தா முழுப் புள்ளியும் அவங்க வாங்கிக்கட்டும்.”

அவர் தலையை ஆட்டினார், கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மனுவைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டத்தில் மறுபடியும் அவரிடம் கேட்பேன்.