டெங் யாபிங்கின் ஒன்றரை மீற்றர்

பாடசாலை அணிகளுக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும்போது உயரமான பெண் பிள்ளைகள் வலைப்பந்துக்குப் போவார்கள், காலில் வேகம் உள்ளவர்கள் ஓட்டத்துக்குப் போவார்கள். கட்டையான பிள்ளைக்குக் கரமோ சதுரங்கமோ மிஞ்சும். மேசைப்பந்து என்றால்கூட "கை எட்டாது" என்றொரு பேச்சு வரும். அந்தப் பேச்சை மறுக்கத்தான் சீன மேசைப்பந்து வீராங்கனை டெங் யாபிங்கின் பெயரை எடுப்போம். எடுக்கிற விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. "கட்டையாக இருந்தும் வென்றாள்" என்று சொல்லி, ஏதோ வைராக்கியத்தால் மட்டும் நடந்த காரியம்போல ஆக்கிவிடுகிறோம். அவருடைய ஆட்டத்தைப் பார்த்தால் எங்கே நிற்பது, எப்போது பந்தைத் தொடுவது, எந்த இறப்பரைப் போடுவது என்ற மூன்றையும் அந்த ஒன்றரை மீற்றர் உயரமே தீர்மானித்திருப்பது தெரியும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிள்ளையைப் பழக்குகிறவருக்குத் தேவை அந்தக் கணக்குத்தான்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1973ல் சீனாவின் ஹெனான் மாகாணத்து ஜெங்ஜோ நகரில் பிறந்தவர். தகப்பன்தான் முதல் பயிற்றுநர். ஐந்து வயதில் தொடக்கம். உயரம் போதாது என்று மாகாண அணி திருப்பி அனுப்பியது. 13 வயதில் தேசியச் சாம்பியன். தேசிய அணிக்குள் எடுக்கவும் அதே உயரப் பிரச்சினை வந்தது. பெண்கள் அணியின் பயிற்றுநர் ஜாங் ஷியேலின் விடாப்பிடியாக நின்றதால் 1988ல் இடம் கிடைத்தது. அடுத்த வருடமே டோர்ட்மண்டில் சியாவ் ஹொங்குடன் உலக இரட்டையர் பட்டம், வயது 16. உலகத் தனிநபர் பட்டம் 1991, 1995, 1997 என்று மூன்று. 1992 பார்சலோனாவிலும் 1996 அட்லாண்டாவிலும் தனிநபர், இரட்டையர் இரண்டிலும் தங்கம், ஆக நான்கு ஒலிம்பிக் தங்கம். 24 வயதில் ஓய்வு. பிறகு சிங்ஹுவா, நொட்டிங்ஹாம் என்று படித்து 2008ல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் எடுத்தார். ஓ.எல். வருகுது, மட்டையைக் கீழே வை என்று சொல்லும் பெற்றோருக்கு இந்தக் கடைசி வரியைக் காட்டலாம்.

இனி கணக்கு. மேசையின் நீளம் 274 சென்ரிமீற்றர், அகலம் 152.5. எதிராளி தன் கரையின் நடுவில் நின்று இரண்டு மூலைக்கும் மாறி மாறி அடிக்கிறாள் என்று வையுங்கள். எங்கள் பக்கக் கரையோரத்தில் அந்தப் பந்துகள் பரவும் அகலம் 152.5 தான். கரையிலிருந்து 40 சென்ரிமீற்றர் பின்னால் வந்தால் 175 ஆகும். ஒன்றரை மீற்றர் பின்னுக்குப் போனால் 236. பக்கக் கோட்டைத் தாண்டி வெட்டிப் போகும் பந்துகளை இதில் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் இன்னும் விரியும். ஒரு மனிதர் இரு கையையும் விரித்தால் ஏறக்குறையத் தன் உயரத்தளவு வரும். ஒன்றரை மீற்றர் பிள்ளைக்கு 175 என்பது ஒரு சிறு அடியில் முடிகிற வேலை. 236 என்பது ஓட்டம். உயரமானவள் பின்னால் நின்று நீளக் கையை வீசித் தப்பலாம், கட்டையானவளுக்கு அந்த வசதி இல்லை. டெங் மேசையோடு ஒட்டி நின்றதற்குக் காரணம் இதுதான்.

கிட்ட நிற்பதற்கு ஒரு விலை உண்டு: நேரம் குறையும். அதனால் பந்து மேசையில் பட்டு எழும்பும்போதே, உச்சிக்குப் போக முன்னரே அடிக்க வேண்டும். கட்டையான பிள்ளைக்கு இதில் இரட்டை ஆதாயம். முன்னோக்கிச் சுழன்று வரும் ரொப்ஸ்பின் பந்து உச்சிக்குப் போகும்வரை காத்திருந்தால் அவளுக்கு அது தோள் மட்டத்தில் வரும், அந்த உயரத்தில் கைக்குப் பலம் இருக்காது. எழும்பும்போது தொட்டால் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில் கிடைக்கும். எதிராளி கையை மீட்டு எடுக்குமுன் பந்து திரும்பியும் போய்விடும்.

பழக்கும்போது எங்கே பிழைக்கிறது என்றால் பின்வீச்சில். பிள்ளை மட்டையை முதுகுக்குப் பின்னால் வரை கொண்டுபோய் அடிக்கப் பார்க்கிறாள், பந்து அதற்குள் உடம்புக்கு வந்துவிடுகிறது. அடுத்த பந்துக்கு அவள் தானாகவே ஒரு அடி பின்வாங்குவாள், பத்தாவது பந்தில் சுவரோடு நிற்பாள். "முன்னுக்கு வா" என்று கத்துவதில் பயனில்லை. பின்வீச்சு இடுப்பைத் தாண்டக்கூடாது என்று சொல்லி, அதை மட்டும் ஒரு கிழமைக்குத் திருத்துங்கள். சீமெந்து நிலத்தில் மேசைக் கரையிலிருந்து 40, 70 சென்ரிமீற்றரில் இரண்டு வெண்கட்டிக் கோடு கீறினால் அவளுக்கே தெரியும், எத்தனை தரம் பின் கோட்டைத் தாண்டினாள் என்று. வலையில் பந்து மாட்டிக்கொண்டே இருந்தால் மட்டை அளவுக்கு மிஞ்சிக் கவிழ்ந்திருக்கிறது. மேசைக்கு வெளியே பறந்தால் நிமிர்ந்திருக்கிறது. எழும்பும் பந்துக்கு மட்டைக் கோணம் மட்டும்தான் பேசும், பலம் தேவையே இல்லை.

அடுத்தது இறப்பர். டெங்கின் ஃபோர்ஹாண்ட் (உள்ளங்கைப்) பக்கம் மழமழப்பான இறப்பர், பாக்ஹாண்ட் (புறங்கைப்) பக்கம் முள் வெளியே தெரியும் பிம்பிள் இறப்பர். எதிராளியின் சுழற்சி பிம்பிளைப் பெரிதாகப் பிடிக்காது. பிம்பிள் நீளமாக இருந்தால் வந்த ரொப்ஸ்பின், பின்னோக்கிச் சுழலும் கட் பந்தாகத் திரும்பிப் போகும். ஒரு பக்கத்திலிருந்து சுழலும் வேகப் பந்து, மறு பக்கத்திலிருந்து தட்டையான குழப்பப் பந்து என்றால், எதிராளிக்கு ஒரே தாளத்தில் ஆட முடியாது. அவரைத் தேர்ந்த ஜாங் ஷியேலினே 1960களில் நீள பிம்பிளால் உலகை அசத்திய தடுப்பாட்டக்காரர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அளவுகோலைப் பிடித்தபோது அவர் மட்டையைப் பார்த்திருப்பார்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே பத்து வயதுப் பிள்ளையின் மட்டையில் பிம்பிள் ஒட்டினால் கெடுத்துவிடுவோம். சுழற்சியைப் பிடிக்காத இறப்பரோடு தொடங்கும் பிள்ளை சுழற்சியை வாசிக்கவே பழகமாட்டாள். வலய மட்டத்தில் எதிராளிகள் குழம்புவதால் வெல்வாள். மாகாணத்துக்குப் போனதும் பிம்பிளுக்குப் பழகிய ஒருத்தி முழங்கைக்கு நேரே வரும் நடுப்பந்தும் சுழற்சியில்லாப் பந்துமாகக் கொடுத்து முடித்துவிடுவாள். குறைந்தது ஒரு வருடமாவது இரண்டு பக்கமும் மழமழ இறப்பரில் ஆடட்டும். எதிராளியின் சேர்விஸில் எந்தச் சுழற்சி என்று பந்து வலையைத் தாண்டமுன் வாயால் சொல்லக்கூடிய நிலை வந்த பிறகு பிம்பிளைப் பற்றி யோசிக்கலாம். பிம்பிள் கட்டையான ஆட்களுக்கு மட்டும் உரியது என்பதும் தப்பு. 2018 பொதுநலவாய விளையாட்டில் பெண்கள் தனிநபர் தங்கம் எடுத்த இந்தியாவின் மணிகா பத்ரா நல்ல உயரம், அவர் பாக்ஹாண்டிலும் நீள பிம்பிள்தான்.

வாங்கும்போது சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை இறப்பரில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வேறு பளிச்சென்ற நிறமாக இருக்க வேண்டும். பஞ்சோடு சேர்த்து இறப்பரின் தடிப்பு 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் போட்டியன்று நடுவர் மட்டையை மறுக்கலாம், பிள்ளை இரவல் மட்டையோடு ஆட வேண்டி வரும்.

டெங் தோற்ற ஆட்டங்களையும் பார்க்க வேண்டும், அவற்றைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசுவதில்லை. 1991ல் ஜப்பானின் சீபாவில் நடந்த உலகப் போட்டியில் வட, தென் கொரியாக்கள் ஒரே அணியாக வந்து குழு இறுதியில் சீனாவை வென்றபோது டெங், அந்த அணியின் யூ சுன்பொக்கிடம் தோற்றார். 1993 உலகப் போட்டியில் ஆரம்பச் சுற்றிலேயே சிங்கப்பூரின் ஜிங் ஜுன்ஹொங்கிடம் விழுந்தார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு இறுதியில் ஜப்பானுக்காக ஆடிய கொயாமா சிரேயிடம் தோல்வி. கொயாமா முன்பு ஹெ ஜிலி என்ற பெயரில் சீனாவுக்காக 1987ல் உலகச் சாம்பியனாக இருந்தவர், ஜிங்கும் சீனாவில் பழகியவர். அதாவது இந்த மூன்றில் இரண்டு தோல்வி சீனப் பயிற்சி மேசைகளின் பழக்கம் தெரிந்தவர்களிடம். பிம்பிளும் வேகமும் பழகிய எதிராளிக்குப் புதுமை இல்லை. ஒரே மேசையில் ஒரே நான்கு பேரோடு வருடம் முழுக்க ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் நடக்கிறது: புது ஆளைக் கண்டதும் கை உறைகிறது. மாதத்துக்கு ஒரு தரமாவது மாங்குளத்துப் பிள்ளைகள் வவுனியாவுக்கோ, புதுக்குடியிருப்புப் பிள்ளைகள் கிளிநொச்சிக்கோ பஸ் ஏறிப் போய் ஆடுவது புது மட்டை வாங்குவதைவிடப் பயன்.

ஒரு எச்சரிக்கை. டெங் ஆடிய காலத்துப் பந்து 38 மில்லிமீற்றர், செற் 21 புள்ளி, ஆளுக்கு ஐந்து சேர்விஸ். 2000ல் பந்து 40 மில்லிமீற்றர் ஆனது, 2001ல் செற் 11 புள்ளியானது, சேர்விஸ் இரண்டிரண்டாகக் குறைந்தது. 2014க்குப் பிறகு பிளாஸ்டிக் பந்து. பெரிய பந்து மெதுவாகப் போகும், சுழற்சியும் குறைவு, ஆகவே முன்பு முதல் சில அடியிலேயே முடிந்த புள்ளி இப்போது கொஞ்சம் நீளலாம். பழைய வீடியோவை அப்படியே பிரதி பண்ணாமல் நிற்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்றும் செல்லும். ரோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் தங்கம் எடுத்த இதோ மிமாவும் ஏறக்குறைய அதே உயரம், பாக்ஹாண்டில் கட்டை பிம்பிள், மேசையோடு ஒட்டிய ஆட்டம்.

ஒரு மேசை, ஒரு மண்டபம், நான்கு பிள்ளைகள் என்றால் இதற்குச் சரியான பயிற்சி வாளிப்பந்துதான். 60, 70 பந்தை வாளியில் போட்டு ஒருவர் மேசையின் பக்கத்தில் நின்று ஊட்ட வேண்டும்: பாக்ஹாண்ட் மூலைக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, ஃபோர்ஹாண்ட் மூலைக்கு ஒன்று. நடுப்பந்தை விடாதீர்கள். மட்டைக் கையின் முழங்கைக்கு நேரே வரும் அந்தப் பந்துக்கு எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று யோசிக்கும் அரை நொடியில்தான் கிட்ட நிற்கிறவள் புள்ளியை இழப்பாள். நிமிடத்துக்கு 40 பந்து என்ற வேகத்தில் தொடங்கி, பாதம் ஒழுங்காக நகர்ந்தால் மட்டும் 60க்குப் போங்கள். 20 பந்தோடு நிறுத்தி ஆளை மாற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் கால் நின்றுவிடும், கை மட்டும் ஆடும், அந்தக் கெட்ட பழக்கம் நிலைத்துவிடும். அடிக்கும் பிள்ளைக்குப் பின்னால் ஒருத்தி மட்டை மட்டும் பிடித்து நிழல்போல அதே அடியை வைக்கட்டும். பந்து பொறுக்கியே நேரம் போகும் இடத்தில் பழைய மீன்வலையை இரண்டாக மடித்து ஊட்டுகிறவரின் பக்க மேசைக் கரைக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், முல்லைத்தீவுக் கரையில் அதற்கா பஞ்சம். டெங் சிறு வயதில் காலில் மணல்பை கட்டி ஓடியதாகச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். எங்கள் மண்டபங்களின் வெறும் சீமெந்தில் வளரும் பிள்ளையின் முழங்கால் அதைத் தாங்காது.

மண்டபத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் 2.7 கிராம் பந்து சொன்ன சொல் கேட்காது. கதவைப் பூட்டினால் வெக்கை. காலை ஆறு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் காற்று எழும்பமுன் முடிப்பதே வழி. மின்விசிறியை மேசைக்கு நேர் மேலே போட வேண்டாம். செம்மண் தூசு இறப்பரில் படிந்தால் சுழற்சி செத்துவிடும். ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்து, நிழலில் உலர்த்தி, உறையில் போடுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்த இறப்பர் இரண்டு மாதத்தில் கண்ணாடிபோல ஆகிவிடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பந்து தெரியாது, கறுப்பு அல்லது கடும் நீலத் துணியைத் தொங்கவிடுங்கள். மாரி முடிந்ததும் பலகை மேசையைச் சோதிக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்ட பந்து 23 அளவுக்கு எழும்ப வேண்டும். மூலையில் 23ம் நடுவில் 19ம் என்றால் பலகை ஈரம் குடித்திருக்கிறது, அந்த மேசையில் எழும்பும் பந்தைப் பழக்க முடியாது.

அட்லாண்டா இறுதியில் சென் ஜிங்குக்கு எதிராக டெங் 21-14, 21-17 என்று முதல் இரண்டு செற்றை எடுத்து, அடுத்த இரண்டை 20-22, 17-21 என்று விட்டு, ஐந்தாவதை 21-5 என்று முடித்தார். எங்கள் பிள்ளைகள் பயிற்சியில் எப்போதும் முதல் செற்றையே ஆடுகிறார்கள், ஐந்தாவது செற் அவர்களுக்குப் போட்டியில்தான் முதன்முதலாக வரும். கிழமைக்கு ஒரு நாள் 2-2 என்று எழுதிவைத்து ஐந்தாவது செற்றை மட்டும் ஆடவிடுங்கள். ஆறு புள்ளிக்கு ஒரு தரம் துவாய், 5 புள்ளியில் பக்கம் மாறல், சேர்விஸில் பந்து கையிலிருந்து 16 சென்ரிமீற்றர் எழும்புகிறதா என்று பார்க்க ஒரு நடுவர், எல்லாம் முறைப்படி. பக்கம் மாறியதும் வெளிச்சமும் பின்சுவரும் மாறும். அதற்குப் பிறகு வரும் முதல் மூன்று புள்ளியை யார் எடுக்கிறார்கள் என்று குறித்துவைத்தால், அடுத்த கிழமை எதைப் பழக்குவது என்று அந்தத் தாளே காட்டும்.