ராங்க்லெஸ் போட்டால் காசு மிச்சமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் நாலு பேர் ஒரு பிறந்தநாள் விழாவில் கூடினால், மோர்ட்கேஜ் வட்டியைக் கதைத்து முடித்த கையோடு சுடுதண்ணி ராங்குக்கு வந்துவிடுவார்கள். "ராங்க்லெஸ் போட்டால் காஸ் பில் பாதியாகுமாமே?" என்று அண்மையிலும் ஒருவர் கேட்டார், ராங்க் இல்லாமல் ஓடுகிற தண்ணீரையே சுடவைக்கிற பெட்டியைப் பற்றி. பாதியாகாது. எங்கள் வீட்டில் மாற்றியாயிற்று, பில் கொஞ்சம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் அந்தக் காசைக் காட்டி நான் யாரையும் மாறச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்த காரணம் வேறு.

மேலே நாங்கள் ஐந்து பேர்: நான், இவர், வளர்ந்த பிள்ளைகள் இருவர், மாமி. பேஸ்மென்டில் கைக்குழந்தையோடு ஓர் இளம் குடும்பம். இத்தனை பேருக்கும் இருந்தது ஒரேயொரு 50 கலன் ராங்க், லீற்றரில் 189. வெள்ளிக்கிழமை காலையில் மாமி தோய்வார், மகள் தலைமுழுகி முடிக்க அரை மணித்தியாலம் எடுப்பாள், இடையில் யாரோ உடுப்பு மெஷினைப் போட்டுவிடுவார்கள். பிறகு கீழேயிருந்து மெசேஜ் வரும்: "அக்கா, தண்ணி குளிருது." பிள்ளையைக் குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற தாய்க்கு என்ன பதில் சொல்வது? வாடகை வாங்குகிற எங்களுக்குத்தான் வெட்கம்.

ராங்கில் நெருப்பு சிறியது, வழமையாக மணித்தியாலத்துக்கு 40,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) அளவுதான். ஒருமுறை சுடுதண்ணி முடிந்தால் திரும்பச் சுட ஒரு மணித்தியாலம் போய்விடும். சுவரில் மாட்டுகிற ராங்க்லெஸ் பெட்டியில் 199,000 பி.டி.யு. வரை இருக்கிறது. குழாயைத் திறந்ததும் பற்றி, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுடவைக்கும், மூடினால் அணைந்துவிடும். சேமித்து வைக்காததால் முடிந்துபோகவும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை குழாய் என்பதற்கு அளவு உண்டு. ரொறன்ரோ தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது, ஜனவரியில் 5 பாகை அளவில்தான் வீட்டுக்குள் நுழையும். அதை 49 பாகைக்கு ஏற்றுவதென்றால் இந்தப் பெட்டியால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 18 லீற்றர்தான் முடியும். மேலும் கீழுமாக இரண்டு பேர் ஷவரில் நிற்கலாம், ஒருவர் பாத்திரம் கழுவலாம். மூன்றாவது ஷவரைத் திறந்தால் எல்லாருக்கும் சாடையாகக் குறையும். ஆடி மாதத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை. கடைக்காரர் காட்டுகிற எண் பெரும்பாலும் வெப்பநாட்டுக் கணக்கு. கனடாவில் வாங்குகிறவர் குளிர்காலக் கணக்கைக் கேட்க வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நாளுக்கு 41 கலனுக்கு மேல் சுடுதண்ணி பாவிக்காத வீட்டில் ராங்க்லெஸ் 24 முதல் 34 வீதம் வரை சிக்கனமானது. 86 கலன் அளவில் பாவிக்கிற வீட்டில் அது 8 முதல் 14 வீதம்தான். காரணம் எளிது. ராங்கில் வீணாவது சும்மா நிற்கிற தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கிற காஸ். எங்களைப் போன்ற வீட்டில் தண்ணீர் சும்மா நிற்க எங்கே விட்டோம்! ஆக, கூட வீதம் மிச்சம் பிடிப்பது சின்னக் குடும்பம்; ஆனால் அவர்களுக்கு ராங்கே போதும்.

எங்களுக்கு உண்மையில் மிச்சமானது வாடகை. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்: ஒன்ராறியோவில் வீடு சொந்தம், சுடுதண்ணி ராங்க் வாடகை. வீடு வாங்கும்போது பழைய சொந்தக்காரரின் வாடகை ஒப்பந்தமும் சேர்ந்து நம் தலையில் ஏறும். மாதம் 30, 40 டொலர்தானே என்று விட்டால், அது வருடா வருடம் ஏறும். எங்கள் ராங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தக் கம்பனி கழற்றுவதற்கு ஒரு கட்டணம், எடுத்துப்போக ஒரு கட்டணம் என்று இழுத்தது. இவர் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துத் தொலைபேசியில் சண்டை பிடித்துத்தான் முடித்தார். ராங்க்லெஸ்ஸையும் வாடகைக்குத் தருகிறார்கள். கையெழுத்துப் போடமுன் மொத்த வருடக் காசைக் கூட்டிப் பாருங்கள். கதவைத் தட்டி இப்படியான சாதனங்களுக்கு ஒப்பந்தம் எழுதுவதை மாகாண அரசு 2018 மார்ச்சில் தடைசெய்தது. வாடகைக் கம்பனிகள் தங்கள் சாதனத்துக்கு உரிமை கோரி வீட்டுப் பத்திரத்தில் ஏற்றிவிடும் "நோசி" என்ற பதிவும் 2024 ஜூனோடு போயிற்று. அப்படியும் யாராவது வாசலில் நின்றால், உள்ளே விடத் தேவையில்லை.

இனிக் குறைகள். மாமி கிணற்றுத் தண்ணீரை அளந்து பாவித்த ஊர்க்காரி, கீரை கழுவக் குழாயை நூலாகத்தான் திறப்பார். எங்கள் பெட்டி நிமிடத்துக்கு 2 லீற்றர் அளவாவது ஓடினால்தான் பற்றும். "புதுசு வாங்கியும் பச்சைத் தண்ணிதான்" என்று குசினியில் சில நாள் முணுமுணுத்தார். இப்போது வாளியில் பிடித்து வைத்துக்கொள்கிறார், அதுதான் அவருக்கு ஊர்ப் பழக்கமும். கரண்ட் போனால் சுடுதண்ணியும் போகும். 2013 டிசம்பர் பனிமழையில் நகரம் நாட்கணக்கில் இருண்டு கிடந்தபோது, பைலட் நெருப்புள்ள பழைய ராங்க் வைத்திருந்தவர்கள் குளித்தார்கள். மற்றது தண்ணீரிலிருந்து பெட்டிக்குள் படிகிற சுண்ணாம்பு. வருடத்துக்கு ஒருமுறை காஸையும் கரண்டையும் நிறுத்தி, தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகும் இரு வால்வுகளையும் மூடி, வாளியில் வெள்ளை வினிகர் ஊற்றிச் சின்னப் பம்பால் ஒரு மணித்தியாலம் பெட்டிக்குள் சுற்றவிட வேண்டும். தெளிவாகப் போன வினிகர் கலங்கித் திரும்பும். எங்கள் ஏரித் தண்ணீர் பரவாயில்லை. கிச்சனர், வாட்டர்லூ பக்கம் பெரும்பாலும் நிலத்தடி நீர், சுண்ணாம்பு மிக அதிகம். அங்கே இதைத் தள்ளிப்போட முடியாது.

பூட்டுகிறவரிடம் ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) காஸ் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரை அங்குலக் காஸ் குழாய் பல வீடுகளில் போதாது, முக்கால் அங்குலம் இழுக்க வேண்டிவரும். எங்களுக்கு மலிவாக விலை சொன்னவர் அதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகு மற்றவரை விடக் கூட. புகைக்குழாய் எந்தப் பக்கச் சுவரால் வெளியே போகும் என்பதையும் முன்கூட்டியே கதைத்துக்கொள்ளுங்கள். பனி மூடினால் பெட்டி நின்றுவிடும். எங்களுடையது பின்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். பனி கொட்டினால் முதலில் அதைத் துப்புரவாக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இவர் இன்னும் டிரைவ்வேயில்தான் தொடங்குகிறார்.