கொச்சிக்கடையில் முதல் செவ்வாய்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஒன்பது செவ்வாய் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்தது அப்பம்மா. நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு அந்தோனியாரிடம் போகாத வீடு ஏது?

மகன் கூட்டாளி வீட்டில் 'தி எக்ஸார்சிஸ்ட்' பார்த்துவிட்டான். 1973இல் வந்த படம். 12 வயதுப் பிள்ளைக்குள் பேய் புகுந்துவிடும், பாதர்மார் வந்து விரட்டுவார்கள். அன்றிலிருந்து இரவில் லைட்டை அணைக்க விடுவதில்லை. படத்தில் சிலுவையும் தீர்த்தமும் வந்ததால் கொச்சிக்கடைக்கும் வரமாட்டேன் என்று ஒரே அழுகை. பேய்க்குப் பயப்படட்டும், அது சின்ன வயது. பேயை விரட்டிய சிலுவைக்குமா பயப்படுவது? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஓட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். வாசலில் மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. பையைத் திறந்து காட்டி, இடிபட்டு உள்ளே போனோம்.

கண்ணாடிப் பேழைக்கு முன்னால் மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்தோனியாரின் நாவின் சிறு துணுக்கு அங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு சிங்கள அம்மா, கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். அழுது முடித்து, தன் கண்ணீர் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "புத்தா" (மகனே) என்று இவனைக் கூப்பிட்டார். போனான். அதே இடத்தில் நெற்றியை வைத்தான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை, என் கண் மறைத்துவிட்டது.

வெளியே வரும்போது கேட்டான்: "அம்மா, இங்கதானே குண்டு வெடிச்சது?"

"ஓம் தம்பி." 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு.

"பிறகும் எல்லாரும் வாறாங்களே!"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே மெழுகுதிரியை வாங்கி ஏற்றினான்.

அன்றிரவு படக்கதையை முழுதாகச் சொல்லச் சொன்னேன். தாய் செத்ததில் நம்பிக்கை ஆடிப்போன ஒரு பாதர். கடைசியில் பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பிடி என்று பேயைத் தனக்குள் வாங்கி உயிரை விடுகிறார். எழுதியவர் பிளாட்டி, கத்தோலிக்கர். இதைப் போய் வெறும் பேய்ப்படம் என்கிறார்களே! சொல்லி முடிக்குமுன் பிள்ளை தூங்கிவிட்டான். நான் லைட்டை அணைத்தேன்.

அந்தோனியாரே, என் ராசா, உமக்குக் கோடி நன்றி. இன்னும் எட்டுச் செவ்வாய் இருக்கிறது, வருகிறோம்.