பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை

செட்டிநாட்டு வீட்டை விற்பனைக்குக் காட்டும் தரகனுக்கு முதல் எதிரி வௌவால். விலை, வில்லங்கம், பங்காளிகளின் கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கும் வீடுகள் இவை. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறப்பார்கள். மற்ற நாட்களில் காவல்காரர் முகப்பை மட்டும் கூட்டிவிட்டுப் போவார். மாடி அறைகளில் வௌவால் எச்சம், மரப் பெட்டகங்களில் அந்துருண்டை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் முற்றம் தாண்டிய இரண்டாங்கட்டில் ஈர நெடி. வீட்டுக்காரர் "ஒரு வாடையும் இல்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எந்த வாடையும் சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். எனக்குக் கணக்கு, அப்போதுதான் நிலைப்படியைத் தாண்டி வருகிற அந்நியரின் மூக்கு.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் முற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்க லாவண்டர் ஸ்பிரே அடித்து வைத்திருந்தார். வெளிநாட்டிலெல்லாம் வீடு காட்டும் நாளில் அடுப்பில் பிஸ்கட் சுட்டு மணம் பரப்புவார்களாம். வாங்க வந்த மதுரைக்காரர் உள்ளே நுழைந்து நாலு எட்டு வைத்ததும் நின்றார். "எங்கே ஒழுகுகிறது?" என்றார். தளத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, மணத்தை வைத்துக் கேட்டார். வாசனை தூக்கலாக இருந்தால் நம் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அது நியாயமான சந்தேகம்தான்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடை ஒன்றில் வெறும் ஆரஞ்சு மணத்தைப் பரப்பியபோது வாடிக்கையாளர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். ஆரஞ்சோடு வேறு மணங்களைக் கலந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எளிய மணத்தை மனம் சிரமமின்றி ஏற்றுக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடையில் பொம்மை வாங்குவதும் பல தலைமுறை வாழ்ந்த வீட்டை வாங்குவதும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு மணம் போதும் என்பதை ஏற்றுக்கொண்டேன்.

அந்த ஒரு மணத்துக்கு இடம் பண்ணுவதில்தான் உழைப்பு எல்லாம். ஆட்கள் வருவதற்குச் சில நாட்கள் முன்பே முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றோட விட வேண்டும். காய்ந்த வௌவால் எச்சத்தை அப்படியே பெருக்கினால் அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு அள்ள வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றக் கூடாது. அது சிமென்ட் கல், நிறம் போய்விடும். நடக்க நடக்க மெருகேறும் தரைக்கு ஈரத்துணி போதும்.

சுவர் விஷயத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சு ஈரத்தை வெளியே விடும் தன்மையுள்ளது. விற்கிற அவசரத்தில் அதன் மேல் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடுத்த மழைக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கறை படிந்த சுண்ணாம்புச் சுவரைக் கறையோடு காட்டுவதே மேல். ஒழுகல் இருந்தால் அந்த இடத்துக்கு நானே முதலில் அழைத்துப் போவேன். பிறகு காட்டுகிற எதையும் நம்பி ரசிப்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, ஒரு மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர். அவ்வளவுதான். சாம்பிராணி போடுவதாக இருந்தால் முதல் நாள் மாலையே; வருகிற நேரத்தில் புகை இருக்கக் கூடாது. அடுக்களையில் காபி கொதித்தால் நல்லது, ஆனால் அதை வந்தவருக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளைப் பணியாரம் சுடலாமா என்று ஓர் ஆச்சி கேட்டார்கள். தாராளமாக என்றேன். அன்று விலை படியவில்லை, பணியாரம் மிச்சமில்லை.

கண்ணுக்கு வைப்பதும் கொஞ்சம்தான். பல வீடுகளில் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு எப்போதோ போய்விட்டன. வாடகை சோபா கொண்டுவந்து நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. முகப்பு வாசலில் நின்றால் கதவுக்குக் கதவு நேர்கோட்டில் பின்தெரு வரை தெரியும்படி கட்டிய வீடுகள். அந்தக் கோட்டை மறைக்கும் மூட்டை முடிச்சுகளை அகற்றினாலே பாதி வேலை முடிந்தது. முற்றத்தில் வெயில் இறங்கும் முற்பகலில் காட்ட வேண்டும். குடும்பப் படங்களைக் கழற்றிவிடச் சொல்வது வெளிநாட்டுப் பழக்கம். இங்கே மாலையோடு வரிசையாகத் தொங்கும் பெரியவர்களைக் கழற்றினால் சுவரில் வெளிறிய சதுரங்கள்தான் மிஞ்சும். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் இதற்கு முடிவு கட்டிவிட்டார்கள்: "இருக்கட்டும் தம்பி. வாங்க வருகிறவர் யாரென்று அவர்களும் பார்க்கட்டும்."

இதெல்லாம் வாழவோ விடுதி நடத்தவோ வாங்குகிறவர்களுக்கு. மரத்துக்காக வருகிறவர் தனி ரகம். வெட்டிவேர் அவர் மூக்கில் ஏறாது. பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார், உத்திரத்தின் நீளத்தை அளப்பார், நிலைக்கதவின் எடையைக் கேட்பார். அவர் வரும் நாளில் நான் ஜன்னலைத் திறப்பதோடு சரி. வாசலில் கோலம் போட ஆச்சிகளும் சம்மதிப்பதில்லை. பிரிக்க வருகிறவனுக்கு எதற்கு என்கிறார்கள். முன்பணத்தைக் கையோடு கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அவர்தான்.