திருகோணமலைச் சிறுவர் இல்லத்தில் பன்னிரண்டு நாள்

கல்லூரி ஜெபக்குழுவில் நாங்கள் ஆறு பேர். கோடை விடுமுறையில் இலங்கைக்குப் போய், திருகோணமலையில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஊழியம் செய்வதென்று நவம்பரிலேயே ஜெபித்து முடிவெடுத்தோம். விசா, டிக்கெட், வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடல்கள், பொம்மலாட்டம், இவ்வளவு இருந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். இல்லத்துப் பொறுப்பாளர் அக்காவை போனில் பிடித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "திணைக்களத்தின்ர கடிதம் இல்லாமல் ஒருத்தரையும் பிள்ளைகளோட விட ஏலாது, பிள்ளை."

அங்கே சிறுவர் இல்லங்கள் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின், அதாவது அரசுத் துறையின், கண்காணிப்பில் நடக்கின்றன. நன்னடத்தை உத்தியோகத்தர்தான் ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் பார்க்கிறவர். அவருக்காக நாங்கள் சேர்த்த தாள்கள்: கல்லூரி முதல்வர் கடிதம், சபைப் போதகர் கடிதம், ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறோம் என்ற அட்டவணை, ஆறு பேருக்கும் போலீஸ் சான்றிதழ். போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, ஆளுக்கு 500 ரூபாய் கட்டினோம். என் வீட்டுக்கு விசாரணைக்கு ஏட்டு வந்ததும் அம்மா பயந்துபோனார். அட்டவணை தெளிவாக இல்லை என்று முதல்முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'பிள்ளைகளுடன் நேரம் செலவிடுதல்' என்று எழுதியிருந்தோம். அது ஒரு வேலையா என்று கேட்டால், இல்லைதான். சரி, யாருக்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்து யோசித்தோம். இருவருக்குக் கணக்கு, ஒருத்திக்குத் தையல், ஒருவனுக்கு வீட்டுத் தொழிலால் பெயின்ட் வேலை.

சுற்றுலா விசாவில் போய்விடலாம் என்று சிலர் சொன்னார்கள். சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான் என்று அதன் நிபந்தனையிலேயே இருக்கிறது. அதனால் அழைப்புக் கடிதத்தோடு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் நேரில் கேட்டு, அவர்கள் சொன்னபடி விண்ணப்பித்தோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக பஸ். மே மாதக் கடைசியில் போய் இறங்கினோம். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. கடல் பக்கத்திலேயே இருந்தும் முகத்தில் அனல்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா எங்களைக் கதிரை போட்டு உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பேச்சுக்காகவே போயிருக்கலாம். "இவங்கள் அநாதைகள் எண்டு நினைச்சு வந்திருக்கிறீங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கினம்" என்றார். ஒரு பிள்ளையின் அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். இன்னொரு பிள்ளையின் அப்பா குடிக்கு அடிமை, அம்மாவுக்குக் கூலி வேலை. சபையில் நாங்கள் காணிக்கை சேர்த்தபோது 'அநாதைக் குழந்தைகளுக்காக' என்றே சொல்லியிருந்தோம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்தது ஊழியம் பற்றி. பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவ சமயப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை அவர்கள் கோவிலுக்குப் போவார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வர விரும்புகிறவர்கள் மட்டும் வரலாம். வி.பி.எஸ் வேண்டாம் என்றார். குழுவில் ஒருவனுக்கு இது பெரிய வருத்தம். ஜெபித்தோம், பேசினோம். சாப்பாடும் படுக்கையும் தருகிற இடத்தில் ஒரு பிள்ளையால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது என்பதுதான் எனக்குக் கடைசியில் புரிந்தது. அக்கா சொன்னது சரி என்று இன்றும் நம்புகிறேன். பொம்மைகள் பையிலேயே திரும்பி வந்தன.

பிள்ளைகள் ஒன்றரை மணிவரை பள்ளியில் இருப்பார்கள். காலையில் சமையற்கட்டுச் சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தோம், கொசுவலைகளைத் தைத்தோம். பிற்பகல் கணக்கு. ஓ.எல் (நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) பரீட்சைக்குத் தயாராகும் ஏழு பேர் என் பொறுப்பு. அங்கே இயற்கணிதம் அட்சரகணிதம், வடிவியல் கேத்திரகணிதம். முதல் இரண்டு நாள் நான்தான் அவர்களிடம் கற்றுக்கொண்டேன். ஒருத்தி சமன்பாட்டை அழகாக அமைப்பாள், விடை மட்டும் தப்பாக வரும். நாலாம் நாள்தான் காரணம் தெரிந்தது: வாய்ப்பாடு தெரியாது. சின்ன வயதில் இரண்டு வருஷம் பள்ளிக்கே போகவில்லையாம். மற்றவர்கள் முன் சொல்ல வெட்கப்பட்டு, விரலை மேசைக்கு அடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் தினமும் கிணற்றடியில் அரை மணி நேரம், நாங்கள் இருவர் மட்டும். எட்டாம் வாய்ப்பாடுவரை வந்தோம்.

குட்டிப் பிள்ளைகளோடு எங்களை அதிகம் விடவில்லை. வருகிறவர்கள் கொஞ்சிவிட்டுப் போய்விடுகிறார்கள், அப்புறம் ஒரு வாரம் அழுகிறார்கள் என்றார் அக்கா. ஆறு வயதுப் பையன் ஒருவன் முதல் நாளே என்னிடம் கேட்டான்: "அக்கா, எத்தினையாம் திகதி போறீங்க?" பெயரைக்கூட இன்னும் கேட்கவில்லை. அன்றே நாட்காட்டியில் எங்கள் கடைசி நாளை எல்லோருக்கும் தெரிய வட்டமிட்டு வைத்தோம்.

படம் எடுக்கக்கூடாது என்பதும் விதி. ஒரே ஒரு ஞாயிறு கோணேசர் கோவில் பக்கம், பிரெட்ரிக் கோட்டை மான்களைப் பார்க்கப் பிள்ளைகளோடு போனபோதுகூட போனை வெளியே எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் காணிக்கை கொடுத்தவர்கள் படம் கேட்டார்கள். பெயின்ட் அடித்த சுவரைத்தான் காட்டினோம். 'அநாதைகள்' என்று சொன்னது தவறு என்பதையும் பலிபீடத்துக்கு முன் நின்று சொன்னேன். ஆறு பேரின் பயணச் செலவைக் கூட்டிப் பார்த்தால், அந்த ஊரிலேயே ஒரு கணக்கு ஆசிரியரைப் பல மாதம் வைத்திருக்கலாம் என்பதையும் சொன்னோம். சபை இப்போது மாதாமாதம் அதற்குப் பணம் அனுப்புகிறது. வாரம் மூன்று நாள் டியூஷன் நடக்கிறது.

இந்த வருஷம் போக ஆசைப்படும் ஜூனியர்கள் போன வாரம் வந்தார்கள். எங்கள் தாள்கள் அடங்கிய கோப்பைக் கொடுத்து, அனுமதி வந்தபிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர்களில் ஒருத்திக்குக் குழாய் வேலை தெரியும். இல்லத்தின் பின்பக்கக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.