வணிகக் குழுக் கல்வெட்டைப் படியெடுத்து வாசிக்க

ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், நானாதேசிகள் என்ற இடைக்கால வணிகக் குழுவினர் பொறித்து வைத்த கல்வெட்டுகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் படம் எடுத்துவந்து வீட்டில் உட்கார்ந்து திணறுவார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் மைப்படிதான், அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படிதான், கைகொடுக்கும்.

முதலில் அனுமதி. கோயில் என்றால் செயல் அலுவலரிடம், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்லியல் துறையிடம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "எடுத்துக்கோங்க" என்றதை நம்பித் தாளை ஒட்டினால் பாதியில் வேறொருவர் வந்து நிறுத்துவார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் தாள் காய்ந்துவிடும்.

தேவையானவை கொஞ்சம்தான்: மேப்லித்தோ என்ற அச்சுத் தாள், நார்த் தூரிகை, தண்ணீர், விளக்குக்கரியைப் பிசின் நீரில் குழைத்த மை, துணியில் இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி. கல்லை நீர்விட்டுத் தேய்த்து, எழுத்துக் குழிகளில் அடைந்த சுண்ணாம்பையும் பாசியையும் எடுக்க வேண்டும். கம்பித் தூரிகை கூடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டாது; அதை நீக்காமல் அடுத்த வேலையைத் தொடங்காதீர்கள்.

தாளை நனைத்துக் கல்லில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழ்களைத் தள்ளுங்கள். பிறகு தூரிகையால் செங்குத்தாகத் தட்ட வேண்டும். சாய்த்து இழுத்தால் தாள் கிழியும். குழிக்குள் தாள் இறங்கியதும் மை இல்லாமலே எழுத்து பள்ளமாகத் தெரியும். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், குமுதம் என்ற பட்டை வளைந்திருப்பதால் அகலத் தாள் சுருங்கிப்போகும். அங்கே குறுகலாக வெட்டி, இரண்டு விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுவதே சரி.

மை ஒற்றும் நேரத்தில்தான் முக்கால்வாசிப் படிகள் கெடுகின்றன. ஈரம் மிஞ்சினால் மை குழிக்குள் ஊறி எழுத்து அழியும். கல்லிலும் கறை படியும். காய்ந்துவிட்டால் ஓரம் கிளம்பும். புறங்கையைத் தாளில் வைத்தால் குளிர வேண்டும், ஆனால் கை நனையக் கூடாது. அதுதான் பதம். மையை முதலில் ஒரு பலகையில் ஒற்றிவிட்டுப் பிறகு தாளில் மெல்ல ஒற்றுங்கள்; இரண்டு மூன்று சுற்றில் கறுப்பு ஏறட்டும். உச்சி வெயிலில் இந்தப் பதம் சில நிமிடங்கள்கூட நிற்காது, ஆகவே காலையில் தொடங்குவதே புத்தி. உரித்தெடுத்ததும் ஊர், சுவரின் திசை, தாளின் வரிசை எண் ஆகியவற்றைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். திருப்பணியில் கற்கள் இடம் மாறிய கோயிலில் இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் வரிகளைச் சேர்க்கவே முடியாது. எழுத்தோடு வாள், வில், விளக்கு போன்ற குழுச் சின்னங்கள் செதுக்கியிருந்தால் அவற்றையும் படியெடுங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

வாசிப்பில் முதல் தடுமாற்றம் புள்ளி இல்லாதது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். துணைக்காலும் (ா) ரகரமும் அப்படித்தான். சிவகங்கை மாவட்டப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் கோயிலுக்கு விட்ட பட்டணப்பகுடி என்ற மகமையை உப்பு, நெல், பாக்கு, மிளகு, அகில், பன்னீர், குதிரை, யானை என்று சரக்கு வாரியாக அடுக்குகிறது. இத்தகைய பட்டியலில் 'பாக்கு' என்பது கண்ணுக்கு 'பரககு' என்றுதான் படும். 'பொதி'யா 'போதி'யா என்பதைப் பக்கத்தில் வரும் அளவையும் காசையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் வரும் 'ஸமஸ்த புவநாச்ரய பஞ்சசத வீரசாஸந' மெய்க்கீர்த்தி (புகழுரை), வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். ஓரிரு சொல் தெரிந்தாலே இது ஐந்நூற்றுவர் கல் என்று பிடித்துவிடலாம்.

அடுத்தது ஆண்டு. கி.பி. ஆண்டைப் பெற, கல்வெட்டில் வரும் சக ஆண்டோடு (சகாப்தம்) 78 கூட்டுவது பொது வழக்கு. தை முதல் பங்குனி வரையிலான மாதங்களுக்கு அதை அப்படியே போட்டுவிடாமல், அந்த எண் முடிந்துபோன சக ஆண்டைக் குறிக்கிறதா, நடப்பாண்டைக் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீனாவின் சுவான்சௌ கல்வெட்டில் 'சகாப்தம் 1203, சித்திரைச் சித்திரை நாள்' என்று வருகிறது. சித்திரை இரண்டு முறை வந்ததைக் கல்தச்சர் பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். முன்னது மாதம், பின்னது நட்சத்திரம். கி.பி. 1281 ஏப்ரல்.

மூன்றாவது, இன்றைய பொருளை அன்றைய சொல்லில் ஏற்றுவது. சுமத்ராவின் பாரூசில், லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல், இப்போது ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரக்கலநாயனும் (கப்பல் தலைவன்) கப்பல் ஆட்களும் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் கொடுத்து 'பாவாடை ஏறக்கடவ'தாக அது விதிக்கிறது. இங்கே பாவாடை என்பது தரையில் விரித்த துணி, கோயிலில் சொல்லும் நடைபாவாடை போல. கட்டணம் செலுத்திய பிறகே விரிப்பின்மேல் கால் வைக்கலாம் என்பது பொருள். உடுக்கும் பாவாடை என்று எடுத்தால் வரி முழுவதும் குழம்பிவிடும்.